கேதம் கேட்கக் கற்பது: சாப்ளின் பணிக்கான படிப்பும் பயிற்சியும்

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் மத்திய சிறைச்சாலையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒன்றின் வாசலிலிருந்து மற்றதன் வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஒருவர், சிறைக்குள் இருக்கும் ஒரு மனிதரின் எதிரே அமர்ந்து அவர் சொல்வதை முழுமையாகக் கேட்கும் பக்குவத்தை அடைவதற்குப் பட்டத்துக்குப் பிறகும் கற்க வேண்டியவை நிறைய உள்ளன. அவை எவை, எங்கே கற்பிக்கப்படுகின்றன, எவ்வளவு காலம் ஆகும் என்பதை இந்தப் பணியைப் பற்றி முன்பின் அறியாதவர்களுக்கு விளக்குவதற்காக இதை எழுதுகிறேன். நான் மதுரைப் பக்கத்தில் மருத்துவமனைச் சாப்ளினாகப் பணியாற்றியவன் என்பதால், கல்லூரியையும் சிறையையும் விட மருத்துவமனையைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

முதலில் சாப்ளின் என்பவர் யார் என்று பார்ப்போம். ஒரு திருச்சபையின் மக்களுக்குப் பொறுப்பாக இருப்பவரை ஆயர், குருவானவர், போதகர், அருட்தந்தை என்று அந்தந்தச் சபையின் வழக்கப்படி அழைக்கிறோம். அவரே ஒரு மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ சிறைக்கோ படைப்பிரிவுக்கோ துறைமுகத்துக்கோ நியமிக்கப்பட்டு, அங்கே இருப்பவர்களின் ஆன்மிகத் தேவைகளைக் கவனிக்கும்போது சாப்ளின் ஆகிறார். கத்தோலிக்கர்கள் ஆன்ம குரு என்ற சொல்லையும் பயன்படுத்துகிறார்கள். சபை ஆயருக்கு மக்களைத் தெரியும். அவர்களுடைய ஞானஸ்நானம், திருமணம், வீட்டுப் பிரதிஷ்டை எல்லாவற்றிலும் அவர் நின்றிருப்பார். சாப்ளினுக்கு எதிரே இருப்பவரோ நேற்று இரவு ஆம்புலன்ஸில் வந்தவர்; நாளை மறுநாள் வீட்டுக்கோ வேறு மருத்துவமனைக்கோ போய்விடக் கூடியவர்; பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லாதவர்; சாப்ளினைத் தாமாக அழைக்காதவர். பழக்கமும் அழைப்பும் இல்லாத இடத்தில், சில நிமிடங்களுக்குள், ஒரு மனிதரின் ஆழமான துயரத்துக்கு அருகில் போக வேண்டியிருப்பதுதான் இந்தப் பணியின் தனித்தன்மை. இதற்கெனத் தனிப் பயிற்சி தேவைப்படுவதும் அதனால்தான்.

சாப்ளின் என்ற சொல்லின் பிறப்பும் இதோடு தொடர்புடையது. நான்காம் நூற்றாண்டில் ரோமானியப் படையில் இருந்த மார்ட்டின் என்பவர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டு தம் மேலங்கியை இரண்டாகக் கிழித்துப் பாதியை அவருக்குக் கொடுத்தார் என்பது மரபு. பின்னாளில் அவர் இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகரின் பேராயரானார், அதாவது அந்தப் பகுதிச் சபைகளுக்கெல்லாம் தலைவரானார். அந்த மேலங்கியை லத்தீனில் கப்பெல்லா என்றார்கள். அதைப் பாதுகாத்த குருக்கள் கப்பெல்லானி எனப்பட்டார்கள். சாப்பல், சாப்ளின் ஆகிய இரு சொற்களும் அங்கிருந்து வந்தவை. வழியில் கண்ட அந்நியருக்குப் பாதி அங்கி கொடுத்த அந்தச் செயலை இந்தப் பணியின் பெயர் இன்றும் சுமந்துகொண்டிருப்பதாக நான் நினைக்கிறேன்.

இனி படிப்புக்கு வருவோம். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளைச் சேர்ந்த ஒருவர் மதுரையிலிருந்து இந்தப் பாதையில் புறப்பட்டால், அவருடைய முதற்படி பெரும்பாலும் பி.டி. எனப்படும் இறையியல் இளநிலைப் பட்டமாக இருக்கும். அரசரடிக் கல்லூரி 1969-இல் தொடங்கப்பட்டது. தமிழிலேயே இறையியல் கற்பிப்பது அதன் சிறப்பு. பட்டத்தை வழங்குவது செராம்பூர் கல்லூரியின் செனட் ஆகும். 1818-இல் வங்காளத்தில் வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் நிறுவிய அந்தக் கல்லூரி, 1827-இல் டென்மார்க் அரசர் அளித்த சாசனத்தின் வழியாகப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. வேறொரு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குப் பி.டி. பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், ஒழுக்கவியல் ஆகியவற்றோடு அருட்பணி என்ற பிரிவும் உண்டு. பிரசங்கம், வழிபாடு, ஆற்றுப்படுத்துதல் எனப்படும் ஆலோசனைப் பணி முதலியவை அந்தக் கடைசிப் பிரிவுக்குள் வருகின்றன. ஆகவே நான்கு ஆண்டுப் படிப்பில் நோயாளியைச் சந்திப்பது பற்றி ஒரு மாணவர் கற்பது சிறு பகுதியே என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தாமாக விண்ணப்பித்துச் சேர்ந்து, படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பிக்கும் மற்றப் படிப்புகளைப் போன்றதல்ல இது. திருநிலைப்படுத்தப்பட்ட பணிக்கு, அதாவது சடங்குமுறைப்படி குருவாக நியமிக்கப்படும் பணிக்கு வர விரும்புபவரை அவருடைய சபையும், ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதியான பேராயமும் அறிந்து, பரிந்துரைத்து அனுப்புவதே வழக்கம். படிப்பு முடிந்ததும் பேராயத்தில் பணி செய்து, முதலில் டீக்கன் எனப்படும் உதவிக் குருவாகவும் பிறகு பிரஸ்பிட்டர் எனப்படும் முழுக் குருவாகவும் திருநிலைப்படுத்தப்படுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் இந்த நிலைகளை அடைகிறார்கள்; 2013-இல் அத்திருச்சபையின் முதல் பெண் பேராயரும் பொறுப்பேற்றார். பெண்கள் சாப்ளினாக வருவதை நான் மனமார வரவேற்கிறேன். மகப்பேறு வார்டில் குழந்தையை இழந்து கிடக்கும் ஒரு தாய், ஆண் சாப்ளினிடம் சொல்லத் தயங்கும் எவ்வளவோ செய்திகளை ஒரு பெண்ணிடம் சொல்வார் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கத்தோலிக்கரின் பாதை இதைவிட நீளமானது. குருத்துவத்துக்கான மெய்யியல், இறையியல் படிப்புகள் இரண்டும் சேர்ந்து குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றும், குருவாகத் திருநிலைப்படுத்தப்படுபவர் 25 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. தயாரிப்புக் காலமும் இடையில் வரும் களப்பணிக் காலமும் சேர்ந்தால் பத்து ஆண்டுகளை நெருங்கிவிடும். அதே சட்டத்தின்படி ஆன்ம குரு என்பவர் ஒரு குருவாகவே இருக்க வேண்டும்; மருத்துவமனை, சிறை, கடற்பயணம் ஆகிய மூன்று இடங்களில் அவருக்குப் பாவமன்னிப்பு தொடர்பான சில சிறப்பு அதிகாரங்களும் உண்டு. அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் மருத்துவமனையில் ஆன்மிகத் துணைப் பணி செய்கிறார்கள் என்றாலும், ஒப்புரவு (பாவ அறிக்கையும் மன்னிப்பும்), நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது) ஆகிய அருட்சாதனச் சடங்குகளுக்குக் குருவையே அழைக்க வேண்டும்.

சாப்ளினை உருவாக்கும் முக்கியமான பயிற்சி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் அதைச் சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்கிறார்கள். மருத்துவமனைக் களத்திலேயே பெறும் மேய்ப்புப்பணிப் பயிற்சி என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதைத் தொடங்கி வைத்த ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர், 1920-இல் கடுமையான மனநோய்க்கு ஆளாகி மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர். குணமாகி வெளியே வந்தபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார்; 1925 கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்து வந்து நோயாளிகளிடையே பணிசெய்ய வைத்தார். இறையியல் மாணவர் நூல்களைப் படிப்பது போலவே துன்பப்படும் மனிதர்களையும் உயிருள்ள ஏடுகளாகக் கருதிப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. படுக்கையில் கிடந்தவர் எழுந்து வந்து, படுக்கையருகே நிற்கப் போகிறவர்களுக்குப் பாடம் சொன்னார் என்பதை எண்ணும்போது எனக்கு நம்முடைய ஆற்றுப்படை மரபு நினைவுக்கு வருகிறது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. தான் நடந்திராத வழியை அவன் சொல்வதில்லை. ஆலோசனைப் பணிக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்று பெயர் வைத்தவர்கள் நல்ல சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பயிற்சியை அலகுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க முறையில் ஓர் அலகு என்பது குறைந்தது 400 மணி நேரம். வாரத்துக்கு நாற்பது மணி என்று வைத்தால் பத்து வாரம். அங்கே சான்றிதழ் பெற்ற சாப்ளினாக விரும்புபவர் நான்கு அலகுகளை, அதாவது 1,600 மணி நேரத்தை முடிக்க வேண்டும். நம் நாட்டில் அப்படி எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான கட்டாய விதி இல்லை. பயிற்சி நடத்தும் மருத்துவமனைகள் தம் வசதிக்கேற்பக் கால அளவை வகுத்துக்கொள்கின்றன. மதுரைக்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் வெளியூர் போக வேண்டியிருக்கும். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சாப்ளின் துறையிலும், பெங்களூரின் தூய யோவான் மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பயிற்சி உண்டு. இன்னும் ஆழமாகக் கற்க விரும்புபவர்கள், செராம்பூர் செனட்டின் எம்.டி.எச். எனப்படும் இறையியல் முதுநிலைப் பட்டத்தில் அருட்பணிப் பராமரிப்பும் ஆற்றுப்படுத்துதலும் என்ற பிரிவை எடுத்து இரண்டு ஆண்டுகள் படிக்கலாம்.

பயிற்சியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்றிரண்டு வார்டுகள் ஒதுக்கப்படும். அவர் அங்கே நோயாளிகளையும் துணைக்கு இருப்பவர்களையும் சந்திப்பார். திரும்பி வந்து, நடந்த உரையாடல்களில் ஒன்றை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதுவார். இடையில் இருந்த மௌனம், கண்ணீர், முகத்திருப்பம் ஆகியவற்றையும் எழுதுவார். இதற்கு வெர்பேட்டிம் என்று பெயர். 1930-களில் ரசல் டிக்ஸ் என்ற மருத்துவமனைச் சாப்ளின் தம் உரையாடல்களையும் ஜெபங்களையும் இப்படி எழுதிப் பார்த்த பழக்கத்திலிருந்து இந்த முறை வளர்ந்தது. எழுதியதை மாணவர் தம் சிறு குழுவின் முன்னும் பயிற்றுநரின் முன்னும் வாசிப்பார். அவர்கள் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பேசுவார்கள். நான் பயிற்சிக் காலத்தில் எழுதிய ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி, இங்கே தருகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய் ஒருவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில். அவர் வெளியே தாழ்வாரத்தில்.

நான்: வணக்கம்மா. நான் இந்த ஆஸ்பத்திரி பாஸ்டர். மகனுக்கு எப்படி இருக்கு?

தாய்: இன்னும் கண்ணு முழிக்கல சாமி. நேத்து ராத்திரியிலருந்து இங்கனயேதான் உக்காந்திருக்கேன்.

நான்: கவலைப்படாதீங்கம்மா. இங்க நல்ல டாக்டர்மாருங்க இருக்காங்க. சரியாயிரும்.

தாய்: நான்தான் சாமி போயிட்டு வாடான்னு அனுப்பிச்சேன். அவன் போகலைன்னுதான் சொன்னான்.

நான்: அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் கடவுள் பாத்துக்குவாரு. ஒரு ஜெபம் பண்ணட்டுமா?

தாய்: (சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை) பண்ணுங்க சாமி.

எழுதியபோது இதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அன்பாகப் பேசியிருக்கிறேன், நம்பிக்கை தந்திருக்கிறேன், ஜெபித்திருக்கிறேன் என்றே நினைத்தேன். குழு இந்த ஆறு வரிகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியது. சரியாகிவிடும் என்று எந்த ஆதாரத்தில் சொன்னீர்கள் என்று ஒருவர் கேட்டார். மருத்துவரே சொல்லாத ஒன்றை நான் வாக்களித்திருந்தேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்ட இடத்தைப் பார்க்கும்படி இன்னொருவர் சொன்னார். அந்தத் தாய் இரவு முழுவதும் தனியாகச் சுமந்திருந்த சொல்லை முதன்முறையாக ஒருவரிடம் வெளியே எடுத்து வைத்த மறுகணமே, அதைக் கேட்கத் தாங்காமல் நான் ஜெபத்தை வெளியேறும் வாசலாகப் பயன்படுத்தியிருந்தேன். அவர் இந்து, நான் வெள்ளை அங்கி அணிந்த மருத்துவமனை ஆள், மகன் உள்ளே எங்கள் கையில் இருக்கிறான். அந்த நிலையில் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா, அந்தச் சிறு மௌனத்தை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று மூன்றாமவர் கேட்டார். கடைசியில் பயிற்றுநர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான்தான் அனுப்பிச்சேன் என்று அந்த அம்மா சொன்னபோது உங்களுக்குள் என்ன நடந்தது?" என் தம்பியின் சாவில் எனக்கும் அதே சொல் இருந்தது என்பதையும், பன்னிரண்டு ஆண்டுகளாக அதை யாரிடமும் நான் சொல்லவில்லை என்பதையும் அன்றுதான் அந்த அறையில் சொன்னேன்.

இந்தப் பயிற்சியில் மாணவர் படிக்கும் ஏடு நோயாளி மட்டுமல்லர் என்பதற்காகவே இதைச் சொன்னேன். தம்முடைய காயத்தை அறியாதவர், அடுத்தவருடைய காயம் அதே இடத்தில் இருக்கும்போது பேச்சை மாற்றிவிடுவார். மாற்றியதும் அவருக்கே தெரியாது. எவ்வளவு புத்தகம் படித்தாலும் இது தானாகத் தெரியவராது. இன்னொருவர் நம் சொற்களை எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்தத் தாயிடம் என்ன சொல்லியிருக்கலாம்? "நீங்கதான் அனுப்பிச்சீங்க" என்று அவர் சொல்லையே மெதுவாகத் திரும்பச் சொல்லிவிட்டு, அவர் அருகில் தரையில் உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்போம். போனவர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஆண்கள் பந்தலில் வந்து அமர்வார்கள். பெண்கள் உள்ளே போய்த் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். வீட்டார் எப்படி நடந்தது என்று வருகிறவர் ஒவ்வொருவரிடமும் மறுபடி மறுபடி சொல்வார்கள், வந்தவர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார்கள். சாப்ளின் பயிற்சியின் பெரும்பகுதி, ஊரில் நாம் இயல்பாகச் செய்துவந்த இந்தக் கேட்டலை, அங்கி அணிந்ததும் மறந்துபோகாதபடி காப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் அவரோடு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சாப்ளின்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பாரமானார்கள்.

இதனாலேயே வெர்பேட்டிமை நோயாளி பேசிய தமிழிலேயே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், மாணவர்கள் மதுரைப் பேச்சை ஆங்கிலமாக்கி எழுதுகிறார்கள். "மனசு கெடந்து அடிச்சிக்கிருது" என்று ஒரு பெரியவர் சொன்னதை, கவலையாக இருக்கிறது என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களாக மாற்றிவிட்டால், குழு விவாதிப்பது வேறு யாரோ ஒருவருடைய வலியைத்தான்.

மருத்துவமனை ஒரு சாப்ளினை ஏன் தன் குழுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு தொடக்க வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். 1967-இல் லண்டனில் தூய கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இன்றைய வலிதணிப்புச் சிகிச்சைக்கு வழிவகுத்த சிசிலி சாண்டர்ஸ், முழுமையான வலி என்ற கருத்தை முன்வைத்தார். இறுதிக் கட்ட நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பம், கடன், வேலை ஆகியவற்றிலும், ஆன்மாவிலும் இருக்கிறது. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் மற்றவையும் தணிவதில்லை. புற்றுநோயில் படுத்திருக்கும் ஒரு விவசாயி, இது என் தகப்பனுக்கு நான் செய்த கொடுமைக்குக் கிடைத்த தண்டனையா என்று கேட்கும்போது, மார்ஃபின் அளவைக் கூட்டி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சாப்ளினும் உடனே பதில் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

சாப்ளின் பிற சமயத்தாரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மதுரையில் தனிப் பாடமாகவே இருக்க வேண்டும். இங்கே நோயாளியின் தலையணைக்கு அடியில் மீனாட்சியம்மன் கோயில் குங்குமம் இருக்கும். மணிக்கட்டில் கோரிப்பாளையம் தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு இருக்கும். பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்ட கிடாயைப் பற்றி மனைவி சொல்லிக்கொண்டிருப்பார். பயிற்சி பெற்ற சாப்ளின் இவற்றை அகற்ற நினைக்கமாட்டார்; எதற்காக நேர்ந்தீர்கள் என்று கேட்பார்; அந்த நேர்ச்சைக்குள்தான் அந்த வீட்டின் அச்சமும் நம்பிக்கையும் இருக்கின்றன. வெண்டிலேட்டரின் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் மதமாற்றம் பற்றிப் பேசுவது, அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது ஆகும். நான் என் விசுவாசத்தை மறைக்கத் தேவையில்லை. கிறிஸ்து என்னை அங்கே அனுப்பியிருக்கிறார் என்று நம்புவதால்தான் போகிறேன். ஆனால் அவரால் எழுந்து வெளியேற முடியாது, என்னால் முடியும் என்ற வேறுபாட்டை ஒரு கணமும் மறக்கக் கூடாது. ஜெபம் வேண்டும் என்று அவரே கேட்டால், அவர் எதற்காகக் கேட்கிறாரோ அதற்காக, சுருக்கமாக, அவருக்குப் புரியும் சொற்களில் ஜெபிக்கலாம். தம் மத குருவை அழைக்க விரும்பினால் அதற்கு உதவுவதும் சாப்ளினுடைய கடமையே.

பயிற்சியில் மருத்துவமனை நடைமுறைகளும் சட்டமும் சிறிதளவு கற்பிக்கப்படும். இவற்றில் பிழை நேர்ந்தால் உயிரும் மானமும் போகக்கூடும். அறுவைச் சிகிச்சைக்காக வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் வைத்திருக்கும் நோயாளி தாகமாக இருக்கிறது என்று கெஞ்சினால், இரக்கப்பட்டு ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது; செவிலியரை அழைக்க வேண்டும். ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கை கழுவ வேண்டும். அதைவிட நுட்பமானது இரகசியம் காத்தல். மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது, இந்த வார்டில் இந்தச் சகோதரருக்கு இந்த நோய் என்று நல்ல நோக்கத்தோடு சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது, அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோயாளியின் தகவல்களைக் காக்கும் உரிமையைத் தருகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. போலீஸுக்குப் பயந்து உண்மையை மறைக்கும் குடும்பத்தாரிடம் இதை எடுத்துச் சொல்ல முடிந்தாலே பாதி நடுக்கம் குறைந்துவிடும். மறுபக்கத்தில், குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரிந்தால் அதை யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எனவே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும் பழக்கத்தைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே உள்ள பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் இந்த ஊரில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று பலவற்றை விட்டுச் சென்றது. 1881-இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி போன்றவற்றில் சாப்ளின் என்பவர் காலை வழிபாட்டை நடத்துபவர் மட்டுமல்லர். விடுதியில் தனித்துப் போன மாணவரும், காதலிலோ தேர்விலோ உடைந்து போனவரும் கதவைத் தட்டக்கூடிய ஆள். அந்தப் பணிக்கு இளம்பருவ மனவியல் தெரிந்திருக்க வேண்டும். சிறைப் பணிக்குச் சிறை நிர்வாகத்தின் அனுமதி தேவை. அங்கே கைதியிடம் கடிதமோ பணமோ வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்பது போன்ற விதிகளில் உறுதியாக நிற்கப் பழக வேண்டும். இந்திய இராணுவத்தில் சமய ஆசிரியர் என்ற பதவி இருக்கிறது; இந்துக்களின் பண்டிட், சீக்கியர்களின் கிரந்தி, முஸ்லிம்களின் மௌல்வி ஆகியோரைப் போலப் பாதிரியாரும் நாயப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரி நிலையில் சேர்க்கப்படுகிறார். அதற்கு ஏதேனும் ஒரு பட்டமும், முறையான குருத்துவத் திருநிலையும், தம் பகுதிப் பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் மாலுமிகளுக்கான பணியும் உண்டு.

ஊதியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். பேராயத்தின் கீழ் இருக்கும் சாப்ளினுக்குப் பெரும்பாலும் சபை ஆயருக்குரிய ஊதியமே கிடைக்கும். இடமாற்றமும் பேராயத்தின் முடிவுதான். பல ஆண்டு பயிற்சி பெற்ற ஒருவரை ஒரு கிராமச் சபைக்கு மாற்றிவிட்டு, பயிற்சியே இல்லாத ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்புவதும் நடக்கிறது. விழா மேடையில் தொடக்க ஜெபம் செய்பவர் என்ற அளவில் மட்டும் சாப்ளினைக் கருதும் நிர்வாகங்களும் இருக்கின்றன. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வார்டில் ஒருவர் தனியாகச் சாவை எதிர்கொள்ளும் நேரத்தில் சாப்ளின் பெயர்ப்பலகை திறப்பு விழாவில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

திருநிலை பெறும் எண்ணமில்லாத பொதுநிலையினருக்கும் வழி இருக்கிறது. வேலையை விடாமலே அஞ்சல் வழியாகப் படிக்கக்கூடிய கிறிஸ்தவக் கல்விப் பட்டயத்தையும் பட்டத்தையும் செராம்பூர் செனட் நடத்துகிறது. அதோடு ஒரு மருத்துவமனையில் குறுகிய களப்பயிற்சியும் பெற்றால் தன்னார்வ ஆன்மிகத் துணையாளராகப் பணி செய்யலாம். ஆனால் நோயாளி ஒருவரையும் சந்திக்காமல் சில வாரங்களில் கணினி வழியாகச் சாப்ளின் சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். எந்தப் பயிற்சி மையத்தில் சேரும் முன்னும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: வார்டில் எத்தனை மணி நேரம், எத்தனை வெர்பேட்டிம் எழுத வேண்டும், குழு வாரத்துக்கு எத்தனை முறை கூடும், பயிற்றுநர் தாமே இந்தப் பயிற்சியை எங்கே பெற்றார், முடித்தபின் தரும் சான்றிதழை எந்தச் சபையும் மருத்துவமனையும் ஏற்கின்றன. இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லத் தயங்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உங்கள் ஆயரிடம் சொல்லி, அருகிலுள்ள மருத்துவமனைச் சாப்ளினிடமும் நிர்வாகத்திடமும் அனுமதி பெற்று, மூன்று மாதம் வாரத்துக்கு ஒருநாள் அவர் பின்னால் வார்டுக்குப் போய் வாருங்கள். முதல் சில வாரங்கள் பேசவே வேண்டாம். பிறகு நீங்கள் கேட்ட உரையாடல் ஒன்றை அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து, பேசிய தமிழிலேயே, ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுவாரம் அதைச் சாப்ளினிடம் வாசித்துக் காட்டுங்கள். நோயாளியின் பெயரையும் ஊரையும் மட்டும் அதில் எழுத வேண்டாம்.